வெள்ளைச் சேலையோடு அடி அண்ணாமலைக்கு

திருவண்ணாமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஜட்காக்காரர் ஒருவர் என் பெட்டியை வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டார். எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தங்கும் விடுதி எதற்காவது அழைத்துப் போவார் என்று நினைத்து நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். குதிரை மெதுவாக நடந்தது. கடைத்தெரு போயிற்று, வீடுகள் குறைந்தன, புளியமரங்கள் வந்தன. கடைசியில் வண்டி ஓர் ஆசிரமத்தின் வாசலில் நின்றது.

"இறங்குங்கம்மா, ஆசிரமம் வந்துடுச்சு."

"நான் ஆசிரமத்துக்கு வரலியே. தங்குறதுக்கு லாட்ஜ் வேணும்."

அவர் திரும்பி என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "வெள்ளைப் பொடவை கட்டிக்கினு, கழுத்து மூடின ஜாக்கெட்டு போட்டுக்கினு ஒண்டியா வந்து இறங்கறீங்க. இப்படி வர்றவங்க எல்லாம் இங்கதான் வருவாங்க. நான் இன்னாத்தக் கண்டேன்?"

அவரைக் குறை சொல்ல முடியாது. இது எழுபதுகளின் கடைசி. நைலக்ஸ் சேலையும் உடம்பைக் கவ்விய ரவிக்கையும் எங்கள் மலேசியத் தோட்டங்கள் வரைக்கும் வந்துவிட்ட காலம். நான் மட்டும் அதற்கு நாற்பது வருடம் முந்திய ரவிக்கையோடு திரிந்துகொண்டிருந்தேன். தோளில் குடைபோலக் கொசுவிய கை, முழங்கைக்குச் சற்று மேல்வரை நீளம், கழுத்தை ஒட்டிய பட்டை, இடுப்பு மறைகிற உயரம், உள்பக்கம் ஒரு பை. கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி கட்டிய வெள்ளைப் பருத்திச் சேலை. ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுக்கிற வேலை எனக்கு. ஆள் குறைந்தால் நோயாளியைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலையும் சேர்ந்துகொள்ளும். வெள்ளைத் துணியை வெந்நீரில் போட்டு அவிக்கலாம், சாயம் போகாது. பையில் கத்தரிக்கோல் இருக்கும். பொட்டு வைக்கிற வழக்கமும் எனக்கு இல்லை. வியர்வையில் வழிந்து கண்ணில் இறங்கும். முப்பத்தெட்டு வயதில் கல்யாணமும் இல்லாததால் 'கிழவி' என்ற பட்டப் பெயரை எனக்கு வைத்திருந்தார்கள். எனக்கு வசதியாக இருந்தது, நான் மாற்றவில்லை.

அந்த ரவிக்கையின் மாதிரி அப்பாவின் பெட்டியில் கிடந்த ஒரு படத்திலிருந்து வந்தது. ஸ்டூடியோ நாற்காலியின் பக்கத்தில் பதினாறு பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நிற்பாள். "யாருப்பா?" என்று கேட்டபோது, "உன் அத்தை" என்றார் அப்பா. அத்தையின் ரவிக்கைக் கை நன்றாக இருக்கிறதே என்று இருபது வயதில் அதைப் பார்த்துத் தைத்துப் போட ஆரம்பித்தேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தப் படத்தை எடுத்து என் கையில் வைத்து அம்மா சொன்னாள்: "அது உன் அத்தை இல்லை. உங்கப்பாவோட மொதல் சம்சாரம். பேரு பச்சையம்மா. கீழ்பென்னாத்தூர்ல விட்டுட்டு வந்தாரு."

மூன்று வருடத்தில் திரும்புவதாகச் சொல்லி மலாயாவுக்குக் கப்பல் ஏறியவர் அப்பா. தோட்டத்தில் கிராணி வேலை, கணக்கெழுதும் உத்தியோகம். திரும்பவே இல்லை. என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். யுத்தம் வந்து தபால் நின்றது அவருக்குச் சௌகரியமாகப் போயிற்று. இதை எழுதும்போது கூட எனக்குக் கோபம் வருகிறது. பதினெட்டு வருடமாக நான் அந்தப் பெண்ணின் ரவிக்கையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடியதைப் பார்த்தபடி அம்மா எப்படிச் சோறு போட்டாள் என்று நினைத்தால் வேறு ஏதோ வருகிறது.

"நீ நேர்ல போய்ச் சொல்லிட்டு வா" என்றாள் அம்மா. "அவங்க இன்னும் பூ வச்சுக்கிட்டு அவருக்காக விரதம் இருந்துக்கிட்டு இருப்பாங்க. எனக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. கடுதாசி போட்டா வேற யாராவதுதான் படிச்சுக் காட்டுவாங்க."

எனக்குச் சம்மதமில்லை. பத்தாம் நாள் அம்மாவுக்குச் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தவள். பூ வைத்தார்கள், வளையல் அடுக்கினார்கள், பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். நாற்பது வருடம் புருஷன் முகமே பார்க்காத ஒருத்திக்கு, மிச்சமிருக்கிற பூவையும் பொட்டையும் பிடுங்குவதற்காகக் கடல் தாண்டிப் போவதா? பச்சையம்மாவைப் பார்ப்பது, அப்பா சுகமாக இருக்கிறார் என்று சொல்வது, ஒரு நல்ல சேலை வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்புவது. வழியிலேயே இப்படி முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜட்காக்காரர் மறுபடி ஊருக்குள் கொண்டுவந்து கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் விட்டார். திரும்பி வந்ததற்குக் கூலி வேண்டாம் என்று அவர் சொன்னதுதான் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்று இரவுக்கு இட்லியும் சாம்பாரும். எங்கள் ஊர் சாம்பாரில் காய்கள் முட்டிக்கொண்டு நிற்கும். இங்கே அது தண்ணீராக இலையில் ஓடியது. ஆனால் இட்லி எங்கள் ஊரில் கிடைக்காத இட்லி. நான் எண்ணாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை கீழ்பென்னாத்தூர் பஸ். வேர்க்கடலை மூட்டைகளுக்கு நடுவே நிற்க மட்டும் இடம் கிடைத்தது. ஒரு திருப்பத்தில் மேலே கம்பியைப் பிடிக்கக் கையைத் தூக்கினேன். கக்கத்தில் 'டர்' என்று சத்தம். இடது கை தையல் விட்டு நான்கு விரல் அகலத்துக்குக் கிழிந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் என் முந்தானையை இழுத்து மூடிவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். ஊரிலும் இது அடிக்கடி நடப்பதுதான். கனமான ஆளைத் தூக்கினால் இந்த இடம் முதலில் போகும். துணி சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கீழ்பென்னாத்தூரில் அப்பாவின் வீடு இருந்த இடத்தில் அரிசி மில் இருந்தது. மில்லுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவர் பெயரைக் கேட்டதுமே சொன்னார்: "பச்சையம்மாவா? மாமியார் செத்ததும் அவங்க தாய் வீட்டுக்கே போயிட்டாங்களே. அடி அண்ணாமலை. அது ஆச்சு இருபத்தஞ்சு வருசத்துக்கு மேல. நீங்க யாரு?" நான் யார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசிரமத்திலிருந்து வருவதாகச் சொன்னேன். அதுவும் எளிதாகத்தான் இருந்தது.

மாலை திருவண்ணாமலைக்குத் திரும்பி, கோயில் தெருவில் ஒரு தையல் கடையைக் கண்டுபிடித்தேன். காதர் பாய் என்று பெயர். நல்ல கூட்டம். காலேஜ் பையன்களின் அகலக் கால் பேண்ட்டுகள் கயிற்றில் வரிசையாகத் தொங்கின. பாய் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நான் கொடுத்த ரவிக்கையை உள்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரும்மா தச்சது?"

"எங்க ஊர்ல ஒரு சீனத் தையல்காரர். ஒரு பழைய படத்தைக் காட்டித் தைக்கச் சொன்னேன்."

"அதான் பார்த்தேன். படத்துல கக்கம் தெரியுமா? தெரியாது." ரவிக்கையின் கிழிந்த இடத்தில் விரலை விட்டு விரித்துக் காட்டினார். "இந்தக் கைக்கு இங்க ஒரு சதுரத் துண்டு வச்சுத் தைக்கணும். அது இருந்தா கையை எவ்ளோ தூக்கினாலும் ஜாக்கெட் கூடவே வரும். அது இல்லாம இந்தக் குடைக்கை வெறும் ஷோக்குக்குத்தான். மேல துணி ஜாஸ்தி, கீழ இடம் கம்மி. கிழியாம இன்னா பண்ணும்?"

பதினெட்டு வருடமாக வசதி என்று நான் பெருமை பேசிய உடுப்பு பாதிதான் சரி என்று ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"இந்த ஊருக்கே இப்போ ஒருத்தவங்கதான் இந்த மாதிரி தச்சுப் போடறாங்க" என்றார் பாய், சாக்பீஸால் துணியில் கோடு போட்டுக்கொண்டே. "எங்க அத்தா தச்சுக் கொடுத்தாரு. இப்ப நான் தர்றேன். வருசத்துக்கு ரெண்டு. அடி அண்ணாமலையில இட்லிக் கடை, பச்சையம்மானு."

நான் அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊரில் எத்தனையோ பச்சையம்மாக்கள் இருக்கலாம். ஆனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எதற்காக இன்னும் இதைப் போடுகிறார் என்பதற்கும் அந்த நிமிடமே எனக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கப்பல் ஏறிய நாளில் பார்த்த அதே உருவத்தில் இருந்தால்தான் திரும்பி வருகிறவருக்கு அடையாளம் தெரியும். வேறென்ன இருக்க முடியும்? அன்று இரவு அப்பா மேல் இருந்த கோபம் இரண்டு பங்காயிற்று.

மூன்றாம் நாள் காலை, பாய் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மலை சுற்றும் பாதையில் நடந்தேன். பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயமில்லை. வழியில் இரண்டு பேர் என்னைக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டு வைத்தேன். வலது பக்கம் மலை கூடவே வந்தது. எங்கள் தோட்டத்தில் மரங்களைத் தவிர எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இங்கே எங்கே திரும்பினாலும் அது நிற்கிறது, மறைந்துகொள்ள இடமே இல்லை. சொல்லப்போகிற பொய்யை நான் மனப்பாடம் செய்தபடி நடந்தேன்.

கடை ஒரு கீற்றுக் கொட்டகை. இட்லிப் பானைக்குப் பின்னால் நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். உயரம், ஒல்லி. அரக்கு நிறப் பருத்திச் சேலை. நெற்றியில் பெரிய குங்குமம், கொண்டையில் கனகாம்பரம், கழுத்தில் மஞ்சள் கயிறு. குடைக்கை ரவிக்கை. படத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "எத்தினி இட்லி?" என்று கேட்டார்.

நான்கு சொன்னேன். தட்டைக் கொடுத்தவர் கையை எடுக்காமல் என் தோளைப் பார்த்தார். பிறகு முகத்தை.

"எந்த ஊரும்மா?"

"மலேசியா."

"மலாயாவா?"

"ஆமாங்க."

கரண்டியைச் சட்னியில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். கடையில் வேறு இரண்டு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்து போகிறவரை ஒன்றும் பேசவில்லை. பிறகு என் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"மூக்கு அப்படியே இருக்குது" என்றார். "பொண்ணா?"

தலையாட்டினேன். மனப்பாடம் செய்ததைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இன்னிக்கு ஒண்ணும் சொல்லாத. வெள்ளையில வந்து நிக்கற. எனக்குப் புரியுது. ஆனா வாயால சொல்லிடாத. சேதின்னு ஒண்ணு காதுல விழுந்துட்டா உடனே தலை முழுகணும். அப்புறம் தீட்டு. தீட்டு வீட்டு இட்லியை யாரு வாங்குவாங்க? நாளைக்குப் பௌர்ணமி. ரெண்டு அண்டா அரிசி ஊற வச்சிருக்கேன்."

என் உடுப்பு முந்திக்கொண்டு சேதியைச் சொல்லிவிட்டது. அதைத் திருத்த வேண்டும் என்ற அவசரத்தில் யோசிக்காமல் சொல்லிவிட்டேன்: "வெள்ளை நான் எப்பவும் கட்டறதுங்க. ஆஸ்பத்திரி வேலை. துவைக்கச் சுலபம். அதுக்காகத்தான்."

அவர் முகம் மாறியதை என்னால் மறக்க முடியவில்லை. அறுபது வயது முகத்தில் அந்தப் படத்திலிருந்த பெண் எட்டிப் பார்த்தாள்.

"அப்போ சேதி ஒண்ணும் இல்லியா?"

இதற்காகத்தான் நான் பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன். சுகமாக இருக்கிறார் என்ற இரண்டே சொல். அவரே வழி திறந்து வைத்துக் கேட்கிறார். நான் தட்டைப் பார்த்தேன். இட்லியைப் பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் ஆகவில்லை. உண்மையைச் சொல்லவும் ஆகவில்லை.

அவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார். "சரி. நாளான்னிக்குக் காலையில சொல்லு. சாப்பிடு, ஆறுது."

அன்று நான் விடுதிக்குப் போகவில்லை. போகட்டுமா என்று கேட்டதற்கு, "எங்க போற? மாவாட்ட ஆள் வேணும்" என்றார். ஆட்டுக்கல் முன்னால் உட்கார வைத்தார். எங்கள் ஊரில் மாவரைக்க மின்சார எந்திரம் வந்துவிட்டது. எனக்குக் கல்லில் ஆட்டிப் பழக்கமில்லை. ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்தது. அவர் என்னை நகரச் சொல்லிவிட்டு உட்கார்ந்து, ஒரு கை ஆட்ட ஒரு கை தள்ள, நிறுத்தாமல் ஆட்டினார். தோள் முழுச்சுற்றுச் சுற்றியது. ரவிக்கை எங்கும் இழுபடவில்லை. அந்தத் துண்டு எதற்கு என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

மனதில் இருந்ததைக் கேட்டேன். "ஏன் இன்னும் இந்த மாதிரியே தைச்சுப் போடறீங்க?"

"கை தூக்க வசதியா இருக்குது. வேற இன்னா?" என்றார். "ரெண்டு வாட்டி புது மோஸ்தர்ல தச்சுப் பார்த்தேன். கையப் புடிச்சுது. இட்லித் தட்டு எடுக்க முடியல. பாய் கிட்டயே திருப்பிக் குடுத்துட்டேன்." பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "நீ இன்னா நெனச்ச?"

நான் நினைத்ததைச் சொல்லவில்லை. பாய் கடையில் நான் வடித்த கதைக்காக வெட்கப்பட்டேன். ஒரு பெண் நாற்பது வருடம் ஓர் உடுப்பைப் போடுகிறாள் என்றால் அதற்கு ஓர் ஆண்தான் காரணமாக இருக்க வேண்டும் என்று, என்னைக் கிழவி என்று கூப்பிட்டவர்கள் நினைப்பது போலவே நானும் நினைத்திருக்கிறேன்.

அதற்குப் பதிலாக வேறு உண்மையைச் சொன்னேன். "உங்க படத்தைப் பார்த்துத்தான் நான் இதைத் தைச்சேன். அத்தைன்னு சொல்லி வச்சிருந்தாரு."

குழவி நின்றது. மாவு குழியில் மெல்ல வழிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அத்தையா?" என்றார். "சரி, அதுவும் ஒரு மொறதான்" என்று மறுபடி ஆட்ட ஆரம்பித்தார். கால் மணி நேரம் போயிருக்கும். "உங்கம்மாவுக்குத் தெரியுமா, நான் யாருன்னு?"

"தெரியும். நான் இதைப் போட்டுக்கிட்டு நடக்கிறதைப் பதினெட்டு வருஷம் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப அவங்கதான் அனுப்பினாங்க."

"பாவம்" என்றார். எனக்குக் கண் எரிந்தது. மிளகாய் அரைத்த கல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பௌர்ணமி அன்று விடிந்ததிலிருந்து கூட்டம். நடந்து வருகிறவர்கள் ஈரத்துணியோடும், விபூதியோடும், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டும் வந்தார்கள். சுண்டல், மோர், இட்லி. நான் தட்டுக் கழுவினேன், பிறகு பரிமாறினேன். ஒரு நோயாளிக் கூடத்தை நடத்துவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. ஒரே மாதிரி ரவிக்கையில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து ஒருவர், "இன்னா, கடைக்கு யூனிபாரமா?" என்று கேலி செய்தார். கல்லூரிப் பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பச்சையம்மா கண்டுகொள்ளவில்லை. பெண்கள் சிலர் தட்டு வாங்குமுன் அவர் நெற்றியைப் பார்த்து, "உங்க கையால மொதல்ல குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கினார்கள். அப்படி ஒவ்வொருத்தி கேட்கும்போதும் அவர் என் பக்கம் பார்க்காமல் இருந்தார். நானும் பார்க்காமல் இருந்தேன். ஒரு நாளைக்கு மட்டும் மிச்சமிருந்த சுமங்கலித்தனத்தை அவர் இட்லியோடு சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் அடுப்பு மூட்டவில்லை. பானைகளைக் கழுவிக் கவிழ்த்தார். கொட்டகையைப் பெருக்கி, தட்டியை இறக்கிக் கட்டினார். கொட்டகைக்குப் பின்னால் இருந்த வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு."

எத்தனையோ வீட்டாரிடம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று இதைச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழக்கமெல்லாம் எங்கே போயிற்றோ.

"பெரியம்மா" என்றேன். அதுவரை அவரை நான் எப்படியும் அழைத்திருக்கவில்லை. "அப்பா இறந்துட்டாரு. நாலு மாசம் ஆச்சு. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு."

"எதுனா சாப்பிட்டாரா?"

"காலையில ரொட்டி. கொஞ்சம் தேத்தண்ணி."

"எத்தினி மணிக்கு?"

"பத்து மணி இருக்கும்."

"நான் அப்போ கடையில இருந்திருப்பேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு, "கிட்ட வா" என்றார். "தனியா அழக் கூடாது. கட்டிக்கினுதான் அழணும். கையை இப்படிப் போடு. என் தோளு மேல. தலையை இங்க சாய்."

எங்கள் ஊர் சாவு வீடுகளிலும் பெண்கள் இப்படி அழுவதுண்டு. அப்பாவின் சாவில் நான் விலகி நின்றேன். சான்றிதழ் வாங்குவது, சவப்பெட்டிக்குச் சொல்வது என்று ஓடிக்கொண்டிருந்தேன். பிறகு படத்தின் கதை தெரிந்ததும் அந்த ஆளுக்காக ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். இப்போது அவர் தோளில் கை வைத்ததும், எப்படி என்று தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது. சைக்கிளில் என்னை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோன அப்பா. ஒருத்தியை இப்படி நிறுத்திவிட்டுப் போன அப்பா. இரண்டும் ஒரே ஆள். நான் கத்தி அழுதேன். பச்சையம்மா அழவில்லை. என் முதுகைத் தடவிக்கொண்டு, கண் திறந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடி வந்துவிட்டார்கள். முதலில் பக்கத்து வீட்டுக் கன்னியம்மா. "இன்னாம்மா ஆச்சு? யாரு போனது?"

இதோ இந்த நிமிடத்தில் ஊருக்கே தெரியப் போகிறது. பத்தாம் நாள், வளையல், எல்லாமும் என் கண்முன் வந்தன. எல்லாவற்றையும் கொண்டுவந்து சேர்த்தவள் நான்.

பச்சையம்மா தலையை நிமிர்த்தினார். சாதாரணக் குரலில் சொன்னார்: "இந்தப் பொண்ணோட அப்பா தவறிட்டாராம்."

அவ்வளவுதான். வந்தவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. என் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்கள், போதுமாக இருந்தது. "ஐயோ, ஊரு விட்டு ஊரு வந்த எடத்துலயா சேதி வரணும்" என்று கன்னியம்மா என்னைக் கட்டிக்கொண்டாள். இன்னொருத்தி அவள் தோளில் கை போட்டாள். ஐந்தாறு பேர் வட்டமாகச் சேர்ந்து, பெயர் தெரியாத என் அப்பாவுக்காக அழுதார்கள்.

அந்த வட்டத்துக்குள்தான் அது கேட்டது. முதலில் முனகல். பிறகு எல்லார் குரலுக்கும் மேலே ஒரு குரல். என் தோளைப் பற்றியிருந்த விரல்கள் இறுகின. "வருவேன்னு சொல்லிட்டுப் போனியே, வருவேன்னு சொல்லிட்டுப் போனியே" என்று அதே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லி பச்சையம்மா அழுதார். நாற்பது வருடத்துக்கும் சேர்த்து அழுதார். நான் பிடித்துக்கொண்டிராவிட்டால் கீழே விழுந்திருப்பார். ஓய்வதற்கு வெகுநேரம் ஆயிற்று.

எல்லோரும் கிணற்றடிக்குப் போய்த் தலை முழுகினோம். பச்சையம்மா கடைசியாக நின்று, எண்ணாமல் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். வீட்டுக்கு வந்து வேறொரு அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டார், அதே மாதிரி ரவிக்கை. கன்னியம்மா குங்குமச் சிமிழைத் திறந்து தானும் வைத்துக்கொண்டு அவரிடம் நீட்டினாள். அவர் விரல் சிமிழுக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது நெற்றியில் பொட்டு இருந்தது.

ஈரத் துணிகளைக் கொடியில் போட நானும் கன்னியம்மாவும் வெளியே வந்தோம். அவள் சேலையைப் பிழிந்தபடி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "பார்த்தீங்களா? நீங்க யாரோ, உங்கப்பா யாரோ. இந்தம்மா கண்ணால கூடப் பார்த்திருக்காது. அதுக்கு இப்படி அழுவுதே. அவ்ளோ நல்ல மனசு."

"ஆமாங்க" என்றேன்.